உச்சி வெயிலில் ஏற்றிய விளக்கு

பட்டப்பகலில் வாசல் விளக்கை ஏற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று இப்போதும் என்னிடம் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் ஒரு தடவை உச்சி வெயிலில் ஏற்றியிருக்கிறேன். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கப் போவதும் இல்லை.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோய், பட்டணத்தில் ரேஷன் வந்துவிட்டது. நான் நசரத்பேட்டையிலிருந்து பருத்திப்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மாமியாரும்தான். மாமனார் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் கடந்திருந்தது.

ஆவடிப் பக்கம் எங்களுக்குச் சொந்த நிலம் இருந்தது. பட்டாளத்துக்கு முகாம் போட வேண்டும் என்று ஒரு நாள் வந்து கல் நட்டார்கள். அடுத்த போகம் நாங்கள் நாற்று நட வேண்டிய இடத்தில் லாரிகள் நின்றன. நஷ்டஈடு வரும் வரும் என்றார்கள். நாங்கள் ஏரிக்குக் கீழே ஒரு துண்டு நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிர் வைத்தோம். விளைச்சலில் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஒரு பங்கு. நிலத்துக்காரர் பட்டணத்தில் இருந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் காலில் சேறு பட்டு நான் பார்த்ததே இல்லை. களத்துக்கு வந்தாலும் குடையை மடக்காமல் நின்றுவிட்டுப் போய்விடுவார்.

ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எல்லாரும் அதிகமாகப் பயிர் செய்ய வேண்டுமாம். நான் ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டாமலே படிப்பேன். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு அதிகமாகப் பயிர் செய் என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குக் கீழேயே இன்னொரு நோட்டீஸ் இருந்தது. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆள் கணக்கில் கொஞ்சம், விதைக்கு நிலக் கணக்கில் கொஞ்சம், இவை போக மிச்ச நெல்லையெல்லாம் சர்க்காருக்கு அளந்துவிட வேண்டும், பதுக்கினால் ஜெயில் என்று அதில் இருந்தது.

தை அறுப்பு முடிந்ததும் வந்தார்கள், அளந்தோம். முகம் கோணாமல்தான் அளந்தோம். பட்டணத்துப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே. எங்கள் களத்தில் அறுத்து அடித்துக் கூலியாக நெல் வாங்கிப்போகும் ஆட்கள் அண்ணனூரிலிருந்து வருவார்கள். அவர்களுக்கு அந்த வருஷம் கூலியைக் குறைத்துத்தான் கொடுக்க முடிந்தது. மிச்சத்துக்கு ஆவடி ரேஷன் கடையில் நின்று புழுத்த அரிசி வாங்கினார்கள். எங்கள் ஊர் நெல் வண்டியேறிப் போய், எங்கோ கிடங்கில் மக்கி, அரிசியாகத் திரும்பி வந்து அவர்கள் பானையில் நாறியது. இதற்குப் பெயர் பஞ்சத்தைத் தடுப்பது.

வீட்டில் நெல் கொட்டி வைக்கும் மண் குதிரில் இருந்தது விதைநெல் மட்டும். சித்திரையில் விதைக்கிற சொர்ணவாரிப் போகத்துக்காக, போன ஆவணியில் அறுத்ததிலிருந்து நல்ல கதிராகப் பொறுக்கி, காயவைத்து, நொச்சித் தழை போட்டு மூடி வைத்தது. அது இல்லாவிட்டால் விதைப்பு இல்லை. விதைப்பு இல்லாவிட்டால் நிலத்துக்காரர் வாரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அப்புறம் நாங்களும் ரேஷன் கடை வரிசையில் தட்டு ஏந்தி நிற்க வேண்டியதுதான்.

அதற்கும் வந்தார்கள். மாசி கடைசியில் ஒரு வியாழக்கிழமை. உச்சி வேளை. தானியக் கொள்முதல் அதிகாரி, எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை, மூட்டை தூக்க அண்ணனூர் ஆட்கள் சிலர். ஆமாம், எங்கள் களத்தில் கூலி வாங்குகிற அதே ஆட்கள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அதிகாரி நேராகக் குதிர் இருந்த அறைக்குள் வந்தார்.

"உன் பேர்ல ஒரு சென்ட் நிலம் இல்லை. உனக்கு எதுக்கப்பா விதைநெல்? ஆகாசத்துலயா விதைக்கப் போறே?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"வாரத்துக்குப் பண்றோம் சாமி. ஏரிக்கீழ கீது நெலம்."

"அந்த நிலத்துக்கு உண்டான விதைநெல்லைப் பட்டாதாருக்கு விட்டாச்சு. ஒரே நிலத்துக்கு ரெண்டு தரம் விட முடியாது."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "பட்டாதாரு பட்டணத்துல கீறாரு சாமி. நீங்க உட்ட நெல்ல அவரு ஆக்கித் துன்னுட்டாரு. வெதைக்கிறது நாங்க."

"பொம்பளை பேசாதே" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாதவர். ஆனால் அன்றைக்குக் கையை விரித்துக்கொண்டு குதிருக்கு முன்னால் மறித்து நின்றார். அதிகாரி போலீஸைக் கூப்பிடுவேன் என்றார், பூந்தமல்லி ஜெயில் என்றார். இருந்தும் அவர் நகரவில்லை. அந்த மனுஷனை அன்றைக்கு நினைத்தது போல நான் என்றைக்கும் பெருமையாக நினைத்ததில்லை. அதே நேரம் அவரை விலங்கு போட்டு இழுத்துப் போகப் போகிறார்கள் என்ற பயமும் இருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் விளக்கு வைத்தபின் வீட்டிலிருந்து தானியம் வெளியே போகாது. உப்பு கேட்டு வந்தால்கூட நாளைக்கு வா என்போம். விளக்கு என்றால் சாமி விளக்கு இல்லை, வாசல் மாடத்தில் பொழுது சாய்ந்ததும் வைக்கிற விளக்கு. அது எரிந்தால் லட்சுமி வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று கணக்கு. அவளை யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள், வெளியே தூக்கிக்கொண்டு போகவும் மாட்டார்கள்.

எண்ணெய்க்கும் தட்டுப்பாடு, தீப்பெட்டிக்கும் தட்டுப்பாடு. இருந்த எண்ணெயை எல்லாம் ஊற்றினேன். அடுப்பிலிருந்து ஓலையில் நெருப்பு எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். என் மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே போட்டார்.

"அடிப்பாவி, பட்டப்பகல்ல வெளக்கா? இது இன்னா சாவு ஊடா?"

அவர் கேட்டது சும்மா இல்லை. மாமனார் செத்த அன்று அவர் தலைமாட்டில் பகல் முழுக்க எரிந்தது அந்த விளக்குதான். எனக்கும் அது தெரியும். கை ஒரு நிமிஷம் நின்றது.

"இந்த நெல்லு போச்சுன்னா சாவு ஊடுதான் அத்தே" என்று சொல்லி ஏற்றிவிட்டேன்.

ஏற்றிவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "வெளக்கு வெச்சாச்சு" என்று கத்தினேன். உள்ளே சாக்கை விரித்துக்கொண்டிருந்த ஆட்களில் மூத்தவர் எட்டிப் பார்த்தார். மாடத்தில் சுடர் வெயிலில் தெரியக்கூட இல்லை. அவர் என்னைப் பார்த்தார், சுடரைப் பார்த்தார், சாக்கை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வெளக்கு வெச்ச ஊட்லேர்ந்து நெல்லு தூக்க மாட்டோம் சாமி."

"மணி பன்னெண்டுடா! வெயில் மண்டையைப் பிளக்குது!" என்று அதிகாரி கத்தினார்.

"மணி இன்னான்னு எங்களுக்குத் தெரியாது சாமி. வெளக்கு எரியுது பாருங்க."

அவர்களுக்கும் தெரியும், நாங்கள் விதைக்காவிட்டால் அவர்களுக்கு அறுப்பு இல்லை. ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாரும் விளக்கையே காட்டினார்கள். அதற்குள் எதிர்வீட்டுக்காரி தன் மாடத்தில் விளக்கு வைத்துவிட்டாள். அவள் வீட்டிலும் வார நிலத்து விதைநெல்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தெருவில் பாதி வீட்டில் விளக்கு எரிந்தது. நாய்கள் ஒன்றும் புரியாமல் குரைத்தன.

அதிகாரி கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை எங்களுக்கு ஒரு நன்மையும் செய்தவர் இல்லை. ஆனால் அவர் வீட்டிலும் விளக்கு வைத்தபின் அரிசியைத் தொட மாட்டார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "காலைல பாத்துக்கலாம் சார்" என்றார். இரண்டடி நடந்துவிட்டு, "நாளைக்கு வெள்ளிக்கிழமை சார். நாளைக்கும் தூக்க மாட்டானுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

அதிகாரியும் விடவில்லை. குதிரின் மேல்மூடியை மூடி, சுற்றிலும் காகிதம் ஒட்டி, அரக்கு வைத்து முத்திரை போட்டார். சனிக்கிழமை காலை வருவேன், முத்திரை கலைந்திருந்தால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் உள்ளே தள்ளுவேன் என்றார். குதிருக்கு அடியில் நெல் எடுக்கிற துவாரம் ஒன்று இருக்கிறது. துணி அடைத்துச் சாணி மெழுகியிருந்ததால் அது அவர் கண்ணுக்குப் படவில்லை. கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். மூட்டைக்காரர்களுக்கும் தெரியும். அத்தனை பேரும் அரக்கு உருகுவதை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி தெருமுனை திரும்பியதும் அடித் துவாரத்தைத் திறந்தேன். வழக்கமாக விதையை மூட்டை கட்டி ஏரியில் அமுக்கி ஊறவைப்போம். ஆனால் விளக்கு வைத்த வீட்டிலிருந்து நெல் போகாது என்று ஊரைக் கூட்டியவள் நான். சொன்ன சொல்லை நானே மீறலாமா? வீட்டுக்குள்ளேயே அண்டாவிலும் தவலையிலும் மாட்டுத் தொட்டியிலும் ஊறப்போட்டோம். ஏரியில் தண்ணீர் இருந்தது. ஒரு மாதம் முந்தி விதைத்தால் விளைச்சல் குறையலாம், பூச்சி விழலாம். விழட்டும். மொத்தமும் அவர்கள் வண்டியில் போவதை விட அது மேல். வெள்ளிக்கிழமை உச்சியில் தண்ணீரை வடித்து, வைக்கோல் போட்டு மூடி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். அன்று முழுக்க என் மாமியார் விளக்கு இருந்த மாடத்தின் பக்கமே திரும்பவில்லை.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். முத்திரை அப்படியே இருந்தது. திருப்தியோடு அதை உடைத்து, மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தபோது மூக்கில் தூசியும் ஒரு நொச்சி இலையும் இருந்தன.

"நெல் எங்கே?"

நான் மூலையில் வைக்கோலை விலக்கிக் காட்டினேன். அவர் கையை விட்டார், சூடு தாங்காமல் சட்டென்று எடுத்துக்கொண்டார். முளை கட்டுகிற நெல் அப்படித்தான் கொதிக்கும். அவர் விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்த நெல்லில் எல்லாம் வெள்ளையாக மூக்கு விட்டிருந்தது.

"எடுத்துக்கினு போங்க சாமி. பட்டணத்துல யாரு துன்னுவாங்கன்னு கேட்டுட்டு எடுத்துக்கினு போங்க" என்றேன்.

என் வீட்டுக்காரரைப் பூந்தமல்லிக்கு அழைத்துப் போனார்கள். அவர் வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "நாத்தங்கால ஒழுதாச்சு. நீ தெளி" என்று மட்டும் சொன்னார். அழுதுகொண்டேதான் தெளித்தேன். அண்ணனூர்ப் பெண்கள் கூப்பிடாமலே வந்து வரப்பில் நின்றார்கள். கோர்ட்டில் அபராதம் போட்டு அவரை விட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது நாற்றங்கால் பச்சை கட்டியிருந்தது.

அந்த மாதமே எங்கள் கிழட்டு எருது செத்துப்போனது. வயசாகிவிட்ட மாடு, சாகத்தான் செய்யும். ஆனால் மாமியார் அது விளக்கு கேட்ட பலி என்றார். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் ஆக்கித் தின்றுகொண்டு, எனக்குச் சொல்ல வேண்டியதைக் கன்றுக்குட்டியிடம் சொன்னார். "சோறு வடிச்சாச்சான்னு கேளு" என்பார் கன்றிடம். நானும் கன்றிடமே பதில் சொன்னேன். நானா இறங்கிப் போவேன்? ஆனால் மனசுக்குள் வலித்தது. விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அவர் புருஷன் முகம்தான் தெரியும் என்று எனக்குத் தெரியாதா?

அந்தப் போகம் விளைச்சல் கொஞ்சம் குறைவுதான். அண்ணனூர் ஆட்களுக்குக் கூலி நெல்லை இந்தத் தடவை குறைக்காமல் அளந்தோம். சர்க்காருக்கும் அளந்தோம். தரமாட்டோம் என்று நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. விளைந்ததைக் கேள், விதையைக் கேட்காதே என்றுதான் சொன்னோம். அது அவர்கள் காதில் ஏறவில்லை. அடுத்த வருஷமும் அதே சட்டம். அதிகாரி மட்டும் புது ஆள்.

அந்தப் புது ஆள் வந்த அன்றைக்கு நான் கொல்லையில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டது. கையைக் கூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடினேன். வெயில் உச்சியில் இருந்தது. எனக்கு முன்னால் யாரோ மாடத்து விளக்கை ஏற்றிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் என் மாமியார், எரிந்த ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அவர் கன்றுக்குட்டியைத் தேடவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாடி பாத்துகினு கீறே? போயி அண்டாவ எடு."