நுளம்பு வலையில் கட்டிய வெள்ளை

சங்கங்கள் மீது எனக்கு மரியாதை கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, புதுக்குடியிருப்புப் பக்கம் கொட்டில் போட்டிருந்த காலத்தில் அது போய்விட்டது. எங்கள் குடியிருப்பில் மாதர் சங்கம், வாசகர் வட்டம், முன்னேற்றச் சங்கம் எல்லாம் இருந்தன. மலசலகூடம்தான் போதவில்லை.

அந்த மாரியில் என் மகளுக்கு இரண்டாவது தடவையாக மலேரியா வந்து மாறியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தேன். பின்னால் ஒரு பிள்ளை இருக்கிற பாரமே தெரியவில்லை. நேர்ஸ் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்.

"இனியொருக்கா வந்தால் பிள்ளை தாங்காது அம்மா. எங்களிட்டை மருந்தும் இல்லை. வலைக்குள்ளை படுக்க வையுங்கோ."

யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் கடைகளில் நுளம்பு வலை இல்லை. முன்னேற்றச் சங்கத்துக் கொட்டகையில் இருந்தது. பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கென்று ஒரு நிவாரண நிறுவனம் அனுப்பிய வலைகள், கட்டுக் கட்டாக, அவிழ்க்காமல். சங்கத் தலைவரிடம் போனேன்.

"தரலாம் ரீச்சர், ஏன் தராமல்? அந்த நிறுவனத்துப் பெரியவர் கொழும்பிலையிருந்து வாறார். அவரின்ரை கையாலை குடுத்தால்தானே அழகு."

"அதுக்கிடையிலை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்?"

"வேப்பிலைப் புகை போடுங்கோ. அது நல்லது."

போட்டேன். மகள் இருமினாள். நுளம்புகள் இருமவில்லை.

பெரியவர் வருகிற நாளில் என் பக்கத்துக் கொட்டில்காரி ஓடி வந்தாள். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவள். எதைச் சொன்னாலும் சிரிப்போடு சொல்லுகிறவள்.

"அக்கா, பந்தல்ல வந்து பாருங்க. கொசுவுக்குக் கல்யாணம் நடக்கப் போவுது."

போய்ப் பார்த்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கலியாணமோ கூட்டமோ, பந்தலுக்குள் தலைக்கு மேலே வெள்ளைத் துணி கட்டுவோம். பெரியவர்களை வெறும் தென்னோலைக் கிடுகுக்குக் கீழே இருத்தினால் குறைச்சல். வெள்ளைத் துணிக்கும் தட்டுப்பாடுதானே. ஆகவே சங்கத்தார் வலைக் கட்டுகளை அவிழ்த்து, பெட்டி போலத் தைத்திருந்த வலைகளின் மூலைகளைப் பிளேடால் கீறி, தட்டையாக விரித்து, பந்தல் முழுக்க வெள்ளை கட்டியிருந்தார்கள். மிகவும் சீராக. வேறு எந்த வேலையிலும் அவர்களிடம் அந்தச் சீரை நான் கண்டதில்லை.

பெரியவர் அதன் கீழே கதிரையில் இருந்து, நுளம்பால் வரும் நோய்களைப் பற்றிப் பேசினார். ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அலங்காரம் நன்றாயிருக்கிறது என்றார். தலைவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு வெள்ளையை அவிழ்த்து, மடித்து, ஒவ்வொரு தாயின் கையிலும் கொடுத்தார்கள். நாலு பக்கமும் திறந்த துணி. நுளம்பு தடையில்லாமல் வந்து போகலாம்.

"இப்ப ரீச்சர் நன்றியுரை சொல்லுவா" என்றார் தலைவர். படித்தவள் என்பதால் என்னைக் கேட்காமலே அதை என் தலையில் கட்டியிருந்தார்.

எழுந்து நின்றேன். "நன்றி. ஆரிட்டையாவது ஊசியும் நூலும் இருந்தால் தாங்கோ. பொழுதுபட முதல் தைக்கவேணும்" என்றுவிட்டு இருந்தேன். என் நன்றியுரை அவ்வளவுதான். பெரியவருக்கு விளங்கவில்லை. பின்வரிசையில் மலையகத்துக்காரி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

நூல் கிடைக்கவில்லை. அவள் ஓர் உரப்பையைப் பிரித்து இழை உருவித் தர, நான் தைத்தேன். இருட்டுவதற்குள் மகள் உள்ளே படுத்துவிட்டாள். அந்தத் தையல் நெடுக விரல் ஓட்டி ஓட்டைகள் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இன்றைக்கும், வளர்ந்துவிட்ட மகள் கடையில் வாங்கிய வலைக்குள் படுத்தாலும் என் விரல் அங்கே போகிறது. "விடுங்கோ அம்மா" என்கிறாள். விட முடிவதில்லை.

அன்று தைத்துச் சில வாரங்களின் பின் தலைவர் எங்கள் வாசலுக்கு வந்தார். முகத்தில் அதே சிரிப்பு.

"ரீச்சர், இன்னொரு பெரியவர் வாறார். வெள்ளை கட்ட ஒண்டுமில்லை. வலையை ஒருநாளைக்குத் தருவியளோ? தையலை நாங்களே பிரிச்சு எடுப்பம்."

"ஏலாது" என்றேன். "இதுக்குக் கீழை ஏற்கனவே ஒரு ஆள் படுத்திருக்கிறா."

யாரோ முக்கியமானவர் என்று நினைத்தாரோ என்னவோ, செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.