பொட்டு வைத்த பொம்மை

விலை ஏற ஏறத் தொடக் கூடாது, ஆனால் தூசியும் படியக் கூடாது, இதுதான் எங்கள் தொழில். இப்போது என் மடியில் ஒன்றரை அடி உயரப் பொம்மை வீரன் ஒருவன் படுத்திருக்கிறான். கையில் காது குடைகிற பஞ்சுக் குச்சி. அவன் நெற்றியில் இருக்கிற குங்குமத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வைத்தவளும் நான்தான். காலையிலிருந்து ஏழு குச்சி தீர்ந்துவிட்டது. சிவப்பு ரோஸாகி, அதற்கு மேல் போகமாட்டேன் என்கிறது.

ஈரம் காயட்டும் என்று அவனை ஃபேனுக்கு நேரே நிறுத்திவிட்டு, இடையிடையே இதை எழுதுகிறேன். தாளுக்குப் பஞ்சமில்லை. மாசா மாசம் பழைய விலை அட்டையை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பதும் என் வேலை. பழைய அட்டைக்குப் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

பெரியவர்கள் ஆசைக்கு வாங்கிச் சேர்த்துவைக்கிற பொம்மைகளை விற்கிற கடை, அதியமான்கோட்டையில், ஹைவேயை ஒட்டி, ஒரு காபிக் கடைக்குப் பக்கத்தில். பெங்களூரில் வேலை பார்த்த தினேஷ் சார், அதை விட்டுவிட்டு அப்பா இடத்தில் ஆரம்பித்தது. இன்று ஞாயிறு. பதினொரு மணிக்குப் பெங்களூரிலிருந்து ஒருவர் இந்த வீரனை வாங்க வருகிறார். அவர் எடுத்துக்கொண்டால் எனக்கு வேலை இருக்கிறது. வேண்டாம் என்றால் நானும் வேண்டாம். அப்புறம் பழையபடி ஓசூர் கம்பெனி பஸ்தான். விடிவதற்கு முன்னால் ஏற்றி, இருட்டிய பிறகு இறக்கிவிடும். கம்பெனிக்குப் போன ஆறு மாசமும் என் மகள் யாழினியைத் தூங்குகிற பிள்ளையாகத்தான் பார்த்தேன். அவள் அப்பா லாரியில் போனால் பத்து நாள். இந்தக் கடையில் மூன்றரைக்கு விட்டுவிடுவார்கள், பால்வாடியிலிருந்து நானே அவளைக் கூட்டிப் போகலாம். பாத்திரக் கடை, கண்ணாடிக் கடை என்று அடுத்தவர் சரக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

நான் மட்டும்தான்

சேர்ந்த அன்றே சார் சொல்லிவிட்டார், “பொம்மைன்னு சொல்லாதம்மா. வாங்க வர்றவங்க மனசு கஷ்டப்படும். ஃபிகர்னு சொல்லு.” எங்கள் தெருவில் அந்தச் சொல்லைச் சொன்னால் செருப்பு பறக்கும். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெண்களைப் பார்த்துப் பையன்கள் சொல்கிற சொல் அது. எட்டாவதோடு நின்ற எனக்கு, புதியவர்களிடம் பேர் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதை எப்படிச் சொல்வேன்? விலையை மட்டும் சொல்லிப் பிழைத்து வந்தேன்.

ஒரு நாள் சார் கூரியர் ஆபீஸுக்குப் போயிருந்தார். ஃபோன் அடித்தது. ஆம்பிளைக் குரல். “புதுசா ஃபிகர் ஏதாச்சும் வந்திருக்குங்களா?” “இல்லைங்க, நான் மட்டும்தான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார், “தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. நான் பன்னெண்டு இன்ச்ல கேட்டேன்.”

நின்றால் ஏறும்

எங்கள் கண்ணாடி அலமாரியில் ஒவ்வொருவன் தலைக்கு மேலும் ஒரு விளக்கு உண்டு. எங்கள் வூட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு. வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்று வாசலுக்குத் திரை. ஆனால் ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று இந்த நீலக் கவச வீரனை மட்டும் திரைக்கு வாசல் பக்கமாகத் தனியாக நிறுத்தியிருந்தார் சார். வெள்ளை முகம், கையில் ஈட்டி, முதுகில் நிஜத் துணியில் போர்வை.

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியைப் போட்டுவிட்டு ஊர் திரும்பிய ஒரு விவசாயி, காபி குடித்துவிட்டு உள்ளே வந்தார். சட்டையெல்லாம் தக்காளிக் கறை. கையைக் கட்டிக்கொண்டு வீரனைப் பார்த்தார்.

“இது எந்த சாமிம்மா?”

“சாமி இல்லைங்க. பொம்மைங்க.” அவரிடம் அந்தச் சொல் தைரியமாக வந்தது.

“என்னா வெல?”

“ஒரு லட்சத்துப் பத்தாயிரம்ங்க.”

அவர் சிரிக்கவில்லை. “போன மாசம்?”

“எம்பத்தஞ்சுங்க. வந்தப்ப அறுபது.”

“இதே பொம்மையா? நடுவுல வளந்துச்சா?”

“இல்லைங்க. இனிமேல் கம்பெனியில இதைச் செய்ய மாட்டாங்களாம். அதனால ஏறுதுங்க.”

அன்றைக்கு மார்க்கெட்டில் கேட்க ஆள் இல்லாமல் பாதிப் பெட்டியை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். வாசல் வரைக்கும் போய், திரும்பி நின்று சொன்னார், “எங்க சரக்கு ஒரு நாள் நின்னா அழுவிப்போவுது. உங்குளுது நிக்க நிக்க ஏறுது. நாந்தான் தப்பான வெதைய போட்டுட்டேன்.”

அட்டைப்பெட்டியின் நாலு மூலை

வாங்கினவர்கள் திருப்பி விற்கவும் வருவார்கள். பிரிக்காத பெட்டி என்றால் ஒரு விலை, பிரித்தது என்றால் ஒரு விலை, பெட்டியே இல்லை என்றால் அனாதைப் பிள்ளை விலை. சேலத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். பெங்களூரில் வேலை போய்விட்டதாம். மூன்று பெட்டிகளை மேஜையில் வைத்தார், ஆனால் கை மட்டும் பெட்டிகளை விட்டு வரவில்லை. சார் மெல்ல அந்தக் கையை நகர்த்திவிட்டு, செல்ஃபோன் வெளிச்சத்தில் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். ஒன்றில் நகக்கண் அளவு மடிப்பு. உள்ளே இருக்கிறவன் அப்படியேதான் இருந்தான், இருந்தாலும் விலை குறைந்தது.

சேலத்துக்காரர் மனைவி என்னைப் பார்த்துத்தான் சொன்னார், “என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இவரு காபியத்தாங்க பாத்தாரு. ஒரு அட்டைப்பெட்டிக்கு நாலு மூலையும் பாக்கறாங்க பாருங்க.”

கையைப் பின்னாடி கட்டு

பால்வாடி லீவு விட்டால் யாழினியைக் கடைக்குக் கூட்டி வருவேன். சார் ஒன்றும் சொல்ல மாட்டார். நான்தான் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, “கையைப் பின்னாடி கட்டிக்கோ” என்பேன். அவள் எது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நாலு வயசுப் பிள்ளை, சுற்றிலும் அத்தனை பொம்மை. ஒருமுறை குதிரை ஒன்றின் வாலைத் தொடப் போனாள், நான் போட்ட சத்தத்தில் எனக்கே பயமாகிவிட்டது. அப்புறம் அவள் தொடவே இல்லை. நல்ல பிள்ளை, சொன்ன பேச்சு கேட்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

போன மாசம் சாயங்காலம் கூட்டப் போனபோது பால்வாடி டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மரக்கட்டை, பந்து எதைக் கொடுத்தாலும் இவள் வாங்குவதில்லையாம். சுண்டலுக்குக்கூடத் தட்டை இன்னொரு பிள்ளைதான் பிடிக்கிறதாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார், “ஏன் செல்வி, எதைக் குடுத்தாலும் கையைப் பின்னாடி கட்டிக்குது. வூட்ல யாராச்சும் அடிக்கிறாங்களா?”

எல்லாத்துக்கும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சார் சந்தனமும் குங்குமமும் வாங்கிக் கொடுத்து, “காலைல சீக்கிரம் வந்து எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் என் மாமனார் டிராக்டருக்கு வைப்பார், மண்வெட்டிக்கு வைப்பார், மருந்தடிக்கிற டேங்குக்கும் வைப்பார். எது சோறு போடுகிறதோ அதற்குப் பொட்டு. ஷட்டருக்கு வைத்தேன், கூரியர் எடை போடுகிற தராசுக்கு வைத்தேன், கம்ப்யூட்டருக்கு வைத்தேன். அப்புறம் யோசித்தேன். எனக்குச் சோறு போடுவது தராசா? பெட்டிகளுக்கெல்லாம் வரிசையாக வைத்துவிட்டு, கடைசியில் வீரனுக்கு வைத்தேன். இருக்கிறதிலேயே விலை கூடினவன் என்று அவனுக்கு மட்டும் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, விரலால் அழுத்தி, வட்டமாக. மனசுக்குள் வேண்டிக்கொள்ளவும் செய்தேன், அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

சார் மாலையோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெட்டிகளுக்கு மேலே பிளாஸ்டிக் உறை, துடைத்ததும் போய்விட்டது. வீரன் முகத்தில் பூசியது வழவழப்பு இல்லாத சாயம், குங்குமத்தைக் குடித்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். மாலையை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்து சொன்னார், “ஞாயித்துக்கிழமை அவரு வந்து பாக்கட்டும். அவரு வேணாம்னுட்டா, என்னாலயும் உன்ன வெச்சுக்க முடியாதும்மா.”

இன்று

ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாழினியும் வந்திருக்கிறாள். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, நான் குச்சியை நனைப்பதையும் துடைப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எட்டாவது குச்சியும் முடிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை. கிட்டே வந்தால் தெரிகிறது. லட்சத்துக்கு மேல் கொடுக்கிறவர் கிட்டே வராமல் இருப்பாரா?

போர்வையைக் கொஞ்சம் முன்னால் இழுத்து நெற்றி மறைகிறதா என்று பார்த்தேன். மறைகிறது. ஆனால் அதை மறைத்து விற்றால், அவர் பெங்களூர் போய்ப் பார்த்துவிட்டு சாரைத்தான் கேட்பார். இழுத்ததைப் பழையபடி தள்ளி விட்டேன். அதையும் பார்த்துக்கொண்டிருந்த யாழினி, ரொம்ப நேரம் பொறுத்துவிட்டுக் கேட்டாள், “அம்மா, மூக்கு அரிக்குது. கையை எடுத்துக்கட்டா?”

“எடுத்துக்கோ சாமி” என்றேன். சொறிந்துவிட்டு மறுபடியும் கட்டிக்கொண்டாள்.

மொத்தத்தையும் ஒரே வரியில் சொன்னால், அக்கா தங்கச்சிகளே, இந்தத் தொழிலில் நின்றுகொண்டே இருந்தால் பொம்மைக்கு விலை ஏறும், நமக்குக் கால்தான் வீங்கும், அதனால் நீங்கள் யாராவது இப்படி ஒரு கடைக்கு வேலைக்குப் போனால் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, எல்லாத்துக்கும் என்றால் எது எதுக்கு என்று, இதோ வெளியே கார் வந்துவிட்டது, “செல்வி, அத எடுத்துக்கிட்டு வாம்மா” என்று சார் கூப்பிடுகிறார், நான் கையைத் துடைத்துக்கொண்டு, நெற்றி தெரியவே அவனைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.