வயிறு தள்ளிய கோபுரமும் ஹைட்ரூன் ஸீபோல்ட்டும்

"பாழடைந்த இடைக்காலக் கோட்டைகளைப் பழைய பொலிவுக்குத் திருப்பிக் கொண்டுவருபவர், கோட்டைகளின் தீராத காதலர், எல்லாத் தரப்பினரையும் அரவணைத்துச் செல்லும் இனிய பண்பாளர்." கட்டடக் கலைஞர் ஹைட்ரூன் ஸீபோல்ட்டுக்கு விருது கொடுத்தபோது மேடையில் வாசித்த குறிப்பு இது. வாசித்த நேரத்தில் அவர் மண்டபத்தில் இல்லை. அங்கிருந்து அரைமணி நேரப் பயணத் தொலைவில், எல்லர்ன்ஸ்டைன் கோட்டையின் வடக்குச் சுவரில் நாக்கை வைத்துக்கொண்டிருந்தார்.

சுவரை நக்கிப் பார்ப்பது அவருடைய பழக்கம். ஆய்வுக்கூடத்துக்குத் துண்டு அனுப்பினால் பதில் வர மாதக்கணக்காகும். நாக்கு உடனே சொல்லிவிடும் என்பார். சில்லென்று இருந்தால் குதிரை மூத்திரத்திலிருந்து ஊறிய வெடியுப்பு; அந்தப் பக்கம் ஒரு காலத்தில் குதிரை லாயம் இருந்திருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் பழைய ஜிப்சம் சாந்து, நிம்மதி. கசந்தால் முகம் சுருங்கும். "எவனோ நல்லெண்ணத்தோட வந்துட்டுப் போயிருக்கான்" என்பார். நல்லெண்ணம் என்பது அவரிடத்தில் சிமென்ட்டுக்கு இன்னொரு பெயர். பிறகு சட்டைக் கையில் நாக்கைத் துடைத்துக்கொண்டு, பச்சைப் பன்றிக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்த ரொட்டியைப் பையிலிருந்து எடுத்து, அதே சுவரில் சாய்ந்து சாப்பிடுவார்.

கோட்டைகளின் காதலர் வசிப்பது ஊர் எல்லையில், பழைய கம்யூனிச அரசு கட்டிய கான்கிரீட் பலகை அடுக்குமாடியில், ஐந்தாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு அடுக்குமாடி. கோட்டையே தெரியாத வீடாகப் பார்த்துப் பிடித்தார் என்று ஊரில் பேச்சு. கேட்டால் மறுக்க மாட்டார். "கோட்டையில குடியிருந்தவன் பூரா வாதத்துல செத்தான். எனக்குச் சுடுதண்ணி வரணும், ரூம் சூடா இருக்கணும்." கோடையில் கோட்டை முற்றத்தில் இடைக்கால வீரர் வேஷத் திருவிழா நடக்கும் வார இறுதியில் அவர் பால்டிக் கடற்கரைக்குப் போய்விடுவார். ஒரு வருஷம் ரயில் ஓடாததால் மாட்டிக்கொண்டார். தகரக் கவசம் மாட்டிய வங்கி ஊழியர் ஒருவர் மண்டியிட்டு, "சீமாட்டியே, வணக்கம்!" என்றார். ஹைட்ரூன் அவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு எப்படி ஒண்ணுக்குப் போவீங்க?" என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார்.

பழைய பொலிவு விஷயமும் அப்படித்தான். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு கோட்டைக்கும் அவர் பொலிவு எதுவும் கொடுத்ததில்லை. பாதிச் சுவர் இருந்தால் பாதிச் சுவராகவே நிற்க வைப்பார், அவ்வளவுதான். "மீதியை எப்ப கட்டுவீங்க?" என்று கேட்கும் சுற்றுலாக்காரர்களிடம், "இடிச்சவனைக் கேளுங்க" என்பார். தவிர்க்கவே முடியாமல் புதுக் கல் வைக்க நேர்ந்தால், பழையதும் புதியதும் சேரும் இடத்தில் உடைந்த ஓட்டுத் துண்டுகளை வரிசையாகப் பதிக்கச் சொல்வார். கீழே இருப்பது அவர்கள் கட்டியது, மேலே இருப்பது நாம் கட்டியது என்று குழந்தைக்கும் தெரிய வேண்டும்.

இந்த ஓட்டு வரிசைதான் மேஸ்திரி எக்கார்ட் நிட்ஷ்கேயின் தீராத வயிற்றெரிச்சல். "ஒட்டு தெரியாம கட்டறதுக்குத்தான் நான் தொழில் கத்துக்கிட்டேன். இந்தம்மா ஒட்டுக்குக் கோடு போட்டு ஊருக்கே காட்டச் சொல்றாங்க."

"பொய்ப்பல் கட்டினா பொய்ப்பல்லுன்னு தெரியணும் மேஸ்திரி."

"எங்க பல் டாக்டர்கிட்ட இதைப் போய்ச் சொல்லிப் பாருங்க."

இருவரும் தலை நரைக்கும் வரை சேர்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள், இன்னும் 'நீங்க'தான். கட்டட வேலையில் முதல் நாளே எல்லோரும் 'நீ'க்கு வந்துவிடும் ஊரில் இது அதிசயம். 'நீ' என்று வந்துவிட்டால் சண்டையில் மரியாதை போய்விடும் என்பது எக்கார்ட்டின் கட்சி.

அவர்களுடைய சண்டைகளிலேயே நீண்டது எல்லர்ன்ஸ்டைன் கோபுரத்தைப் பற்றியது. அந்தக் கோபுரம் எழுநூறு ஆண்டுகள் ஒழுங்காக நின்றது. அதன் பிறகு, எழுபதுகளில், ஊர் இளைஞர்கள் சனிக்கிழமைதோறும் சேவைக்கு வந்து, விரிசல்களுக்குள் வாளி வாளியாகச் சிமென்ட் பால் ஊற்றினார்கள். இந்த மலைப்பக்கத்தில் முன்னோர் கட்டியதெல்லாம் ஜிப்சம் சாந்தில். ஜிப்சமும் சிமென்ட்டும் மழைத் தண்ணீரோடு சேர்ந்தால் மாவு புளித்துப் பொங்குவது போல உள்ளேயே பொங்கும். கல்லை வெளியே தள்ளும். வடக்குப் பக்கம் மெல்ல மெல்ல வயிறு தள்ளி, நடுவில் மேலிருந்து கீழாகப் பிளந்தது. அந்தச் சேவைக்கு நன்றி சொல்லும் பலகை இன்னும் வாசலில் இருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மேயர் யென்ஸ் ரோடெவால்ட்டுக்கு வேறு யோசனை இருந்தது. மேல் மூன்றில் ஒரு பங்கை இறக்கிவிட்டு, கான்கிரீட்டில் கட்டி, வெளியே கல் ஒட்டி, உச்சியில் பல் பல்லாகக் கைப்பிடிச் சுவரும் காட்சி மேடையும் வைப்பது. ஹைட்ரூனோடு ஒரே வகுப்பில் படித்தவர் என்பதால் அவர் நகர மன்றத்திலேயே உரிமையோடு பேசினார்.

"ஹைட்ரூன், நம்ம ஊர் பீர் பாட்டில்ல கோபுரம் எப்படி இருக்கு, நிஜத்துல எப்படி இருக்கு, பாத்தியா?"

"பாத்தேன். பாட்டில்ல இருக்கறது அதைக் குடிச்சவன் வரைஞ்சது."

"ஜனங்களுக்கு அந்தப் பல்வரிசைதான் பிடிச்சிருக்கு."

"ஏண்டா யென்ஸ், உனக்குந்தான் மேல ரெண்டு பல்லு இல்ல. உன் பொண்டாட்டி உன்னை இடிச்சா கட்டினா?"

மன்றம் சிரித்தது. ஆனால் வாக்கு போட்டபோது மேயர் பக்கமே போட்டது. சிரிப்பு வேறு, வாக்கு வேறு. ஹைட்ரூனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கோடைக்காலம். நிபந்தனையை எழுதியவர் பரிசோதனைப் பொறியாளர் டாக்டர் வீகாண்ட். அவருக்குக் கோபுரத்தின் மீது விரோதம் ஒன்றும் கிடையாது. அது யார் தலையிலும் விழக்கூடாது என்ற ஒரே ஆசைதான். விரிசலின் குறுக்கே, அந்தப் பக்கத்துக் கல்லையும் இந்தப் பக்கத்துக் கல்லையும் சேர்த்து, விரல் தடிமனில் ஜிப்சம் பட்டைகள் பூசி, ஒவ்வொன்றிலும் பூசிய தேதியைக் கீறிவைக்க வேண்டும். ஜிப்சம் வளையாது, நீளாது. சுவர் மயிரிழை அசைந்தாலும் உடைந்து காட்டிக்கொடுக்கும். உறைபனி தொடங்குமுன் எந்தப் பட்டையாவது உடைந்தால் கோபுரத்தின் மேல்பகுதி இறக்கப்படும். உடையாவிட்டால் இந்தக் குளிர்காலத்தை மட்டும் அது தாண்டலாம். வசந்தத்தில் மறுபடி பேசலாம்.

ஹைட்ரூன் அந்தக் கோடையில் கடலுக்குப் போகவில்லை. இயந்திரம் வைத்தால் சுவர் அதிரும் என்று, எக்கார்ட்டும் ஆட்களும் உளியால் சிமென்ட்டைக் கட்டி கட்டியாகப் பெயர்த்தார்கள். அதே மலைக் கல்லைச் சூளையில் சுட்டு அரைத்த ஜிப்சம் சாந்தால் ஓட்டைகளை அடைத்தார்கள். கோபுரத்தின் வயிற்றைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். திங்கட்கிழமை தோறும் அதன் திருகில் கொஞ்சம் இறுக்கம். எக்கார்ட் ஸ்பேனரைப் பிடிப்பார். ஹைட்ரூன் சுவரில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார்.

"இன்னும் கொஞ்சம். இன்னும். போதும். போதும்னா போதும்!"

"பிரசவம் பாக்கற மாதிரியே பாக்கறீங்க."

"வாயை மூடுங்க மேஸ்திரி, கல்லு பேசறது கேக்கல."

மேயர் அவ்வப்போது கீழே வந்து நின்று, மேலே பார்த்துவிட்டுப் போவார். அவருடைய வரைபடம் தயாராக இருந்தது. பட்டைகள் ஆகஸ்ட்டில் உடையவில்லை. செப்டம்பரில் உடையவில்லை. எக்கார்ட் தினமும் காலையில் முதல் வேலையாகச் சாரத்தில் ஏறி ஒவ்வொரு பட்டையையும் பார்த்துவிட்டு, கீழே இருப்பவர்களுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அவர் இந்தக் கோபுரத்துக்காக உருகவில்லை என்று மதுக்கடையில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் எல்லோருக்கும் முன்னால் ஏறிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, புல்லெல்லாம் பனித்துளியில் லேசாக வெளுத்திருந்தது; உறைபனிக்கு இன்னும் சில நாள்தான். எக்கார்ட் வாளியில் ஈரச் சாந்தோடு மேலே ஏறினார். நடுப்பட்டைக்கு வந்ததும் நின்றுவிட்டார். பட்டையின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. குளிரில் ஏதோ அழுக்கு என்று விரலால் துடைக்கப் போனவர், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அழுக்கு இல்லை.

"அம்மா, கொஞ்சம் மேல வரீங்களா?"

கீழே ஹைட்ரூன் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். "என்ன?"

"வந்து பாருங்களேன்."

"உடைஞ்சிருச்சா?"

எக்கார்ட் தலையை மட்டும் ஆட்டினார்.

"எது?"

"நடுவுல இருக்கறது."

ஹைட்ரூன் கோப்பையைக் கல்லின் மேல் வைத்தார். "தொடாதீங்க."

எக்கார்ட் சாரத்தின் விளிம்பில் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். சுற்றிலும் காக்கைகளைத் தவிர யாரும் இல்லை. "அம்மா, வாளியில சாந்து ஈரமா இருக்கு. ஒரு விரல் வைச்சா போதும். தேதியைக் கூட அதே எழுத்துல கீறிடறேன். வீகாண்ட் என்ன மேலயா ஏறப்போறாரு? கீழ நின்னு பைனாகுலர்ல பாத்துட்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போற ஆளு."

"கையை எடுங்க மேஸ்திரி."

"ஒட்டு தெரியாம பூசறது எனக்குத் தெரியும்னு உங்களுக்கே தெரியும்!"

"அதான் எடுக்கச் சொல்றேன்."

அதற்குள் ஹைட்ரூன் கையில் போன் இருந்தது. எக்கார்ட்டுக்குத் தாங்கவில்லை. "கோபுரம் போயிடும்மா! ஏறி ஒரு தடவை பாத்துட்டாவது பேசுங்களேன்!"

"பாத்தா எனக்கும் ஆசை வந்துடும்" என்றார் ஹைட்ரூன். பிறகு போனில்: "வீகாண்ட் சார்? ஸீபோல்ட். எல்லர்ன்ஸ்டைன்ல நடுப்பட்டை உடைஞ்சிருச்சு. ஆமா. இல்ல, நான் இன்னும் பாக்கல, மேஸ்திரி பாத்தாரு. வாங்க, இங்கயே இருக்கேன்."

எக்கார்ட் இந்த மலைப்பக்கத்துக்கே உரிய ஒரு வசவைச் சொன்னார். அச்சில் ஏற்ற முடியாதது. சொல்லிவிட்டு, வாளியிலிருந்த சாந்து முழுவதையும் தானே குப்பைக் குழியில் கவிழ்த்தார்.

ஹைட்ரூன் ஏறவே இல்லை. பொறியாளர் வரும்வரை ஏணியடியில், கல் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். ரொட்டி பையிலேயே இருந்தது. மேயருக்குச் செய்தி எப்படியோ வீகாண்டுக்கு முந்தியே போய், வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கியபடி அவர்தான் முதலில் வந்து சேர்ந்தார். வெற்றியைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் பட்ட பாட்டுக்கு ஒரு மதிப்பெண் போடலாம். "நீ உன்னால ஆனதைச் செஞ்சே, ஹைட்ரூன்" என்றார்.

வீகாண்ட் வந்தார், இம்முறை பைனாகுலரை வண்டியிலேயே வைத்துவிட்டு மேலே ஏறினார். ஹைட்ரூன் உட்பட மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். நகத்தால் கோட்டைத் தடவினார். மறுபடி பார்த்தார்.

"இதுல இடைவெளியே இல்லையே" என்றார்.

"உடைஞ்சிருக்கே!" என்றார் மேயர்.

"உடைஞ்சிருக்கு. இழுபட்டு உடைஞ்சா ரெண்டு பாதியும் விலகி நிக்கணும். இங்க நெருக்குப்பட்டு உடைஞ்சிருக்கு. பாருங்க, இந்தப் பாதி அந்தப் பாதி மேல ஏறி உக்காந்திருக்கு."

"அப்படின்னா?" என்றார் எக்கார்ட். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"விரிசல் மூடிக்கிட்டு வருது. சுவர் திரும்பி உள்ள போகுது."

சுவர் மேலும் வெளியே தள்ளாமல் வளையம் பிடித்து நிறுத்தினாலே போதும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள். வயிறு உள்வாங்கும் என்று ஹைட்ரூன் உட்பட யாரும் நினைக்கவில்லை.

மேயர்தான் முதலில் தேறினார். "நிபந்தனை 'உடைஞ்சா'ன்னுதானே இருக்கு? எந்தப் பக்கம் உடைஞ்சான்னு இல்லையே?"

"அப்படித்தான் இருக்கு. எழுதினது நான். எழுதறப்ப எனக்கு இப்படித் தோணல" என்றார் வீகாண்ட். தான் எழுதியதை மீறுவது அவருக்குப் பல் பிடுங்குவது போல; முகத்தில் தெரிந்தது. "அதை நானே திருத்திக்கிறேன். அசையாம நின்னிருந்தா ஒரு குளிர்காலம்தான் கொடுத்திருப்பேன், வசந்தத்துல மறுபடி இந்தப் பஞ்சாயத்து. தானா திரும்பி வர்ற சுவரை இறக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட மாட்டேன். இப்பவும் இல்ல, வசந்தத்துலயும் இல்ல." பிறகு எக்கார்ட்டைப் பார்த்தார். "இதை யாரும் தொடலையே?"

"இல்ல" என்றார் எக்கார்ட். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மேயர் வரைபடத்தை இன்னும் இறுக்கமாகச் சுருட்டினார். "உன் வாழ்நாள்ல ஒரு கட்டடமாவது முழுசாக் கட்டியிருக்கியா நீ?"

"எதுக்கு?" என்றார் ஹைட்ரூன்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். வீகாண்டின் வண்டி வளைவில் திரும்பும் வரை ஹைட்ரூன் சாரத்திலேயே நின்றார். பிறகு எக்கார்ட்டிடம் புதிதாகச் சாந்து குழைத்து வரச் சொன்னார். உடைந்த பட்டையை அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் விரிசலின் குறுக்கே சுவரின் அடுத்த அசைவைக் காட்டத் தன் கையாலேயே இன்னொரு பட்டை பூசி, காய்வதற்குள் ஆணியால் அன்றைய தேதியைக் கீறினார்.