மட்டாஞ்சேரிக்கு எழுதி வைத்த மூன்று கடிதங்கள்

மட்டாஞ்சேரியில் என்ன பார்க்கலாம் என்று கேட்டு வாரத்துக்கு ஒருவராவது எழுதுகிறீர்கள். அரண்மனையையும் மிளகுக் கிடங்குகளையும் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அங்கே போனது ஒரே தடவை, 1989 ஜனவரியில். ஊர் பார்க்கப் போகவில்லை. மகன் செத்துப்போனதை நம்ப மறுத்த ஒரு தாயை நம்பவைக்கப் போனேன். அவர் நம்பாததற்குக் காரணமே நான்தான்.

முருகேசனும் நானும் இலங்கைக்குப் போன படையில் ஒரே பிளட்டூன். நான் பொள்ளாச்சிக்காரன், அவன் மட்டாஞ்சேரித் தமிழன். பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். தமிழில் கையெழுத்துக்கூடப் போட வராது. அவன் அம்மா சிவகாமியோ தென்காசியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், தமிழ் மட்டுமே வாசிப்பார். அதனால் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ரோந்து கிளம்பினால் வாரக்கணக்கில் தபால் போட முடியாது. ஆகவே மூன்று கடிதங்களை ஒரே மூச்சில் எழுதி, வாரத்துக்கு ஒன்றாகத் தேதி போட்டு, முகாம் தபால்காரரிடம் கொடுத்து வைப்போம். அந்தந்தத் தேதியில் அவர் அனுப்புவார். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. யோசனை என்னுடையது.

கடைசித் தடவை, முதல் கடிதம் போன மூன்றாம் நாள், யாழ்ப்பாணத்தில் ஒரு குறுகிய சந்தில் கண்ணிவெடி. அவன் அங்கேயே போய்விட்டான்; எனக்கு முழங்கால். நான் ஆஸ்பத்திரியில் கிடக்க, மற்ற இரண்டு கடிதங்களும் தேதி தவறாமல் புறப்பட்டுப் போயின. எனக்கு அவற்றின் நினைப்பே இல்லை. ஐந்து மாதம் கழித்து, முருகேசன் பெயருக்கு அவன் அம்மா எழுதிய ஒரு கடிதத்தை யூனிட்டிலிருந்து என் வீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். ‘தந்திக்குப் பெறகு உன் கடுதாசி ரெண்டு வந்துச்சு ராசா. செத்தான்னு சொன்னவன் வாயில மண்ணு. எப்ப வருவே?’

மறுநாளே கிளம்பினேன். கோவையில் காலை 6.10க்கு ரயில், டிக்கெட் இருபத்தாறு ரூபாய், ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். ஆலுவாவில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது; வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பதினொன்றே காலுக்கு எர்ணாகுளம். படகுத்துறைக்கு ஆட்டோ ஐந்து ரூபாய், அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகு அறுபது காசு, இருபத்தைந்து நிமிடம். ஊன்றுகோலோடு ஏறி இறங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

துறைக்குப் பக்கத்தில், வாசகசாலைச் சுவரில் பதித்த கருங்கல் பலகையில் கல்தச்சர் ஒருவர் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். இலங்கையிலிருந்து திரும்பாத உள்ளூர்ச் சிப்பாய்களுக்கான கல். மலையாளத்தில் இரண்டு பெயர்கள், பக்கத்தில் இறந்த தேதி. கீழே இடம் காலி. கல்லுக்கு ஏற்பாடு செய்தவர் எதிரே சாயாக்கடை வைத்திருந்த ஹம்சா. காலி இடத்தைக் காட்டி அவரிடம் கேட்டேன்.

“அது முருகேசன்றெ ஸ்தலம் சாரே. பேரு வெட்டினா கல்லை உடைப்பேன்னு அவன்றெ அம்மா நிக்குது. பட்டாளத்துக்காரங்க கொண்டுவந்த அஸ்தியக் கடல்ல விடவும் சம்மதிக்கலே. போஸ்ட்மேனைக் கண்டா வேலைய விட்டு ஓடி வரும்” என்றார்.

சிவகாமியம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு கிடங்கில் சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்தார். என் ஊன்றுகோலைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“நீ யாரு மோனே? என் பையன் கூட உள்ளவனா? எப்ப வாறான்?”

ரயிலில் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் காற்றில் போயிற்று. “அம்மா, அந்தக் கடுதாசியெல்லாம் நான் எழுதுனதுங்க. முன்னாடியே எழுதி வெச்சது. தேதியும் நான் போட்டதுங்க.”

“சும்மா சொல்லாத. அந்த அஸ்திக்கு மொகமா இருக்கு, பாத்து அடையாளம் சொல்ல?” என்றவர், ஒரு துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் நீட்டினார். “எழுது. அன்புள்ள அம்மாவுக்குன்னு எழுது.”

எழுதினேன். இடுப்பில் செருகியிருந்த கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தச் சுக்குக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை.

“அவன் சொன்னது அம்புட்டும் எழுதினியா?”

“இல்லீங்க.”

மறைத்ததைச் சொன்னேன். வீடுகளைச் சோதனை போடும்போது, தமிழ் தெரியும் என்று எங்களைத்தான் முன்னால் அனுப்புவார்கள். ஒரு வீட்டில் ஓர் அம்மாள், நீ செய்வது உன்னைப் பெற்றவளுக்குத் தெரியுமா என்று அவனைக் கேட்டார். அதை எழுதச் சொன்னான் அவன். நான் ‘இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது’ என்று எழுதினேன்.

“எங்கிட்ட சொல்லணும்னு நெனச்சிருக்கான்” என்றார். அதற்கு மேல் அவரைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நான்கு மணிக்கு அவரே கல்லுக்கு வந்தார். “வெட்டு. தமிழ்ல வெட்டு, நான் வாசிக்கணும்” என்றார். தச்சருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் எழுதித் தந்தால் அதன் மேல் வெட்டுவார் என்று, சிவகாமியம்மாவே சாக்கட்டியை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

அந்தப் போரில் யாருக்காகப் போனோம் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. நான் செய்த தப்பு மட்டும் விளங்குகிறது. நீங்கள் போனால் படகில் போங்கள்; பாலம் சுற்றிப் பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். அந்தக் கல் இன்னும் இருந்தால் மாலையில் பாருங்கள், உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. மூன்றாவது பெயர் மட்டும் தமிழில் இருக்கும், பக்கத்தில் தேதி இருக்காது. தச்சர் மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். பெயரை எழுதி முடித்துத் தேதிக்காகக் குனிந்தபோது, அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“தேதி மட்டும் நீ எழுதாத மோனே.”