அடைவு விற்பனையாகாது

யாழ்ப்பாணப் பட்டினத்தில் அடைவுக்கடை நடத்திய முதலாளி ஒருவர், எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், வரிக் கந்தோரின் கடிதத்துடன் மானிப்பாயிலிருந்த என் வீட்டுக்கு வந்தார். நகையைப் பிடித்துக் கடன் கொடுப்பதும் விற்பனையே என்று கருதி, கடையில் புரண்ட பணம் முழுவதற்கும் புரள்வு வரி கேட்டிருந்தார்கள்.

"நான் என்ன புடவைக்கடையே வைச்சிருக்கிறன், மாஸ்டர்? சனத்தின்ரை சாமான் என்ரை பெட்டகத்திலை கிடக்குது, அவ்வளவுதான். நீங்கள் ஒருக்கா எழுதிவிடுங்கோ."

நான் தமிழாசிரியன். ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பதில் எனக்கொரு செருக்கும் இருந்தது. அடைவு வைத்தவர் நகையின் உரிமையை இழப்பதில்லை. உரிமை கைமாறாத இடத்தில் விற்பனை இல்லை. ஆகவே வரியும் இல்லை. வாதம் நேராகவே நின்றது. ஆயினும் மறுபக்கம் ஒன்று இல்லாமல் அது நிறைவுறாததுபோல் எனக்குத் தோன்றிற்று. தவணை கடந்த நகைகளை மாத்திரம் ஏலத்தில் விற்கிறோம், அதற்குரிய வரியைச் செலுத்துவோம் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

அது உண்மையன்று. தவணை கடந்தாலும் எவருடைய நகையையும் அவர் விற்பதில்லை. வைத்தவர்கள் வட்டியில் கொஞ்சம் கட்டிவிட்டு, "கிடக்கட்டும் அண்ணை" என்று சொல்லிப் போவார்கள், கிடக்கும். அடைவுத் துண்டில் எழுதாத வழக்கம் அது.

"உது வேணுமே, மாஸ்டர்?" என்றார், நான் வாசித்துக் காட்டியபோது.

"உது இல்லாட்டி அவங்கள் நம்பமாட்டாங்கள்."

நம்பினார்கள். அடைவு விற்பனையாகாது என்று ஒப்புக்கொண்டு, நடந்த ஏலங்களின் விபரத்தை மாத்திரம் கேட்டார்கள். அப்படி ஓர் ஏலம் நடந்ததே இல்லை. பொய் சொன்னதாகிவிடும் என்று பயந்த முதலாளி, தவணை கடந்தவற்றையெல்லாம் ஏலத்தில் விற்றார்.

அந்த விபரத்தை எழுதிக் கொடுக்க நான் கடைக்குப் போயிருந்த அன்று, கொழும்புத்துறையிலிருந்து ஒரு பெண் வந்தார். கடற்றொழிலுக்குத் தடை விதித்ததிலிருந்து கணவர் வலை இறக்கவில்லை. அதனால் மீட்கப் பிந்திய ஒரு சோடிக் காப்பு. மகளுக்குக் கலியாணத்தில் போடுவதாகப் பேசியது. தமையனிடம் கடன்பட்டு, முழுப் பணத்தையும் கொண்டு வந்திருந்தார்.

"வித்துப்போட்டன், தங்கச்சி. கந்தோராலை கடிதம் வந்தது."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. கோயிலிலை பாதர் கலியாணத்தை அறிவிச்சிட்டார்."

ஏலத்தில் எடுத்த தட்டார் அதை உருக்கிவிட்டதையும் சொல்லி, கடனும் வட்டியும் போக மிஞ்சிய பணத்தை முதலாளி மேசையில் வைத்தார். அப்பெண் அதைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர் நல்லா எழுதுவார் எண்டு எங்கடை பக்கத்திலையும் கதைக்கிறவை. காப்பைத் திருப்பித் தரச்சொல்லி உந்தக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோவன்."

முதலாளி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்; என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எந்தக் கந்தோராலும் ஆகக்கூடியது எதுவுமில்லை என்று தெரிந்துகொண்டே, ஒரு பிழையுமில்லாத கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டு, அவர் பஸ்ஸுக்குப் போனார்.