தள்ளக் கூடாத சீட்

எட்டாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராக வண்டி ஓட்டிப் பிழைத்தவன் நான். வேலையில்லாமல் இருந்தபோது, கீழ்வேளூரில் ஓர் அக்கா தன் எலக்ட்ரிக் காரைக் குத்தகைக்குத் தருவதாகச் சொன்னார். வெள்ளத்தில் பயிர் போனால் வயல் குத்தகையில் தள்ளுபடி கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதேபோல, "கரண்ட் இல்லாம சார்ஜ் ஏறாத நாளுக்குக் குத்தகை கெடையாதுக்கா" என்றேன்.

"நியாயந்தானே."

"பேட்டரி போனா உங்க பொறுப்பு."

"சரி தம்பி. டிரைவர் சீட்டை மட்டும் பின்னால தள்ளாதீங்க. எங்க வீட்டுக்காரர் சாவுறதுக்கு முன்னாடி உக்காந்து ஓட்டுன மாதிரியே இருக்கட்டும்."

உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பிரேக்கை மிதிக்க முடியவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

நான் விட்டுவந்த எந்த வீட்டிலும் எனக்காக ஒரு நாற்காலிகூட அப்படியே இருக்காது என்பது, பஸ்ஸுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது.