ஏரி உள்வாயில் கேட்ட குரல்

திருவண்ணாமலைக்கு இதுவரை நான் போனதெல்லாம் கிரிவலத்துக்கு, அதுவும் அம்மாவின் கட்டாயத்தில். இந்த முறை போனது பாட்டுக் கேட்க. 'பனங்காட்டு ரயில்' என்ற குழுவைப் பற்றி முன்பே இங்கே புலம்பியிருக்கிறேன். தப்பட்டையும் உறுமியும் எலெக்ட்ரிக் கிதாரும் சேர்ந்து அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி வாசிப்பார்கள். அரங்கத்துக்குள் வாசிப்பதில்லை. வயல், பொட்டல், ஏரிக்கரை, இப்படித்தான். இந்தத் தடவை அடி அண்ணாமலையைத் தாண்டி ஓர் ஏரி. மாதம் ஐப்பசி. அடைமழையில் எவன் திறந்தவெளியில் கச்சேரி வைப்பான் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். கூட வருவதாகச் சொன்ன தோழி வெள்ளிக்கிழமை வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கழன்றுகொண்டாள். அறுநூறு ரூபாய் டிக்கெட்டை வீணாக்க மனசில்லாமல் நான் தனியாகக் கிளம்பினேன்.

கிளாம்பாக்கத்தில் காலை ஏழரைக்குப் பஸ். திண்டிவனம், செஞ்சி வழியாகப் போகிற வண்டி. செஞ்சி தாண்டியதும் தூறல் ஆரம்பித்தது. கீழ்பென்னாத்தூரில் ஏறியவர்கள் எல்லோரும் நனைந்திருந்தார்கள். வழக்கமாக அங்கேயே மலை கண்ணில் பட்டுவிடும், பஸ்ஸில் நாலு பேராவது கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு மலை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு வெறுமை. அப்படியும் ஒரு பெரியவர் அந்த வெறுமையைப் பார்த்துக் கும்பிட்டார்.

பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு சாதாரண லாட்ஜில் அறை எடுத்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்தேன். எட்டு கிலோமீட்டருக்கு இருநூற்றைம்பது கேட்டார், கொடுத்தேன். ஓட்டுநர் பேசிக்கொண்டே வந்தார்.

"அங்க போய் ஏன்ங்க ப்ரோக்ராம் வெச்சாங்க? அது ஏரி உள்வாயி."

"இப்ப தண்ணி இல்லையாமே?"

"இப்ப இல்ல. மலையில மழ ஜாஸ்தியானா ஓடை வழியா எல்லாம் அங்கதான வந்து நிக்கும்? ரிட்டனுக்கு என்னக் கூப்பிடாதீங்க, வண்டி உள்ள வராது."

உள்வாய் என்றால் கரைக்கு உட்புறம் தண்ணீர் தேங்குகிற தரை. கேட்டபோது எனக்கு அது ஒரு தகவல் மட்டும்தான்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மலைப்பக்கம் சற்று மேடான இடத்தில் மேடை. அதற்கு முன்னால் தட்டு மாதிரி பள்ளமான தரை, அங்கேதான் நாங்கள் நிற்கவேண்டும். எதிர்ப்பக்கம் நீளமாக ஏரிக்கரை. நான் போனபோதே முந்நூறு நானூறு பேர் மிதித்துக் களிமண் குழம்பாகியிருந்தது. கால் வைத்தால் கணுக்காலுக்கு மேல் போகும், எடுத்தால் செருப்பு வராது. முதல் அரைமணி நேரம் எல்லோருக்கும் கொண்டாட்டம். பக்கத்தில் நான்கு இன்ஜினியரிங் கல்லூரிப் பையன்கள் சேற்றில் உட்கார்ந்து சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதில் மஞ்சள் சட்டைக்காரன் எழுந்திருக்கவே இல்லை.

நாலரைக்குக் குழு மேடை ஏறியது. முதல் பாட்டிலேயே ஒன்றைக் கவனித்தேன். தப்பட்டையின் ஒவ்வொரு அடியும் கண்ணுக்குத் தெரியாத மலையில் மோதிக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது. மேடையில் அடி நின்ற பிறகும் மலையை மூடிய மேகத்துக்குள் யாரோ ஒருமுறை கூடுதலாக அடித்துவிட்டு நிறுத்துகிற மாதிரி. எதிரொலிதான், தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் கூட்டம் கைதட்டாமல் அந்தக் கடைசி அடிக்காகக் காத்திருந்தது. அப்புறம் யாரும் கத்தவில்லை, ஆடவும் இல்லை. நனைந்த கூட்டம் அவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை.

என் இடப்பக்கம் நின்ற பெண்மணியை அப்போதுதான் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவை முழங்கால்வரை சேறு. குடை இல்லை, கையில் போன் இல்லை. மேடையையே பார்த்தபடி அசையாமல் நின்றார். என்னிடம் கூடுதலாக ஒரு மழைக்கோட்டு இருந்தது, வராமல்போன தோழிக்காக வாங்கியது. அதைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, போட்டுக்கொள்ளாமல் கையில் மடித்து வைத்துக்கொண்டார்.

"ஏங்க, அந்த அம்மா பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டார்.

எந்தப் பாட்டு என்று புரிந்துவிட்டது. இந்தக் குழுவின் பிரபலமான பாட்டில் ஒரு வயதான பெண்ணின் ஒப்பாரி வரும். அது பழைய ஒலிப்பதிவு. அந்தக் குரலைச் சுற்றித்தான் இவர்கள் வாசிப்பார்கள். யாருடைய குரல் என்று குழுவுக்கே தெரியாது.

"அது எப்பவும் கடைசிலதான் வரும்க்கா."

"அதுக்குத்தான் வந்தேன்" என்றார். பெயர் செல்வி. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வந்த ஒரு பெண்ணின் போன் ஸ்டேட்டஸில் அந்தப் பாட்டு கொஞ்ச நேரம் ஓடியதாம். "பதினஞ்சு செகண்டுதான். அதுக்குள்ள முடிஞ்சிடுச்சி. முழுசா கேட்டுட்டா நிச்சயமாத் தெரிஞ்சிடும்."

என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கடைசிப் பாட்டுக்கு வருவதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வலுத்தது. இருபது முப்பது பேரைத் தவிர எல்லோரும் கரைமேல் ஏறிவிட்டார்கள். மேடைக்குப் பக்கவாட்டில் ஒலிக்கருவிகள் வைத்திருந்த கூடாரத்தின் தார்ப்பாயைக் காற்று பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. அங்கிருந்த இளைஞர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். உறுமி மெதுவாக ஆரம்பித்தது. பிறகு அந்தக் குரல்.

கல்லடுக்கிச் சோறாக்கி – அம்மா நான்
காத்திருந்தேன் வாசலிலே
கருக்கலிலே போன தாயி – அம்மா நீ
காலடிய விட்டுட்டியே

முதல் வரி முடிவதற்குள் என் கை முடிகள் சிலிர்த்துக்கொண்டன. குரலுக்காக இல்லை. செல்வி அக்கா கூடவே பாடிக்கொண்டிருந்தார். கூட என்றுகூடச் சொல்லமுடியாது, ஒவ்வொரு வரியையும் ஒலிபெருக்கிக்கு ஒரு நொடி முன்னால் பாடினார். மூச்சு வாங்குகிற இடம், சொல் உடைகிற இடம் எல்லாம் ஒன்றுதான். குரலும் ஒன்றுதான். ஒன்று மேடையிலிருந்தும் ஒன்று என் தோளுக்கருகிலிருந்தும் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"எங்கம்மா" என்றார், என்னைப் பார்க்காமல். "செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு போட்டோதான் இருக்குது, ரேஷன் கார்டுல. கொரலு எங்கயுமே இல்லன்னு நெனச்சிருந்தேன்."

பாட்டின் கடைசி வரிக்கு எல்லா வாத்தியமும் நின்றுவிடும், குரல் மட்டும் தனியாக வந்து முடியும். அன்றும் நின்றது. குரல் முடிந்தது. நாங்கள் மலையின் பதிலுக்காகக் காத்திருந்தோம். அதற்குப் பதிலாக ஒலிபெருக்கியில் ஓர் இருமல் கேட்டது. பிறகு அதே குரல், இப்போது பாடாமல், சாதாரணமாகக் கொஞ்சம் எரிச்சலோடு கூப்பிட்டது.

"செல்வீ... ஏ செல்வி! தண்ணி வந்துடுச்சி. என்னா பண்ற அங்க? வா இங்க."

மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அது அவர்களும் கேட்டிராத ஒன்று என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது.

"தோ வந்துட்டேம்மா" என்றார் செல்வி அக்கா.

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அந்தச் சேற்றில் யாரும் அவ்வளவு வேகமாக நடக்கமுடியாது. என் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது. எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. செருப்பு இரண்டும் போயின. "அக்கா, நில்லுங்க" என்று கத்தினேன், நிற்கவில்லை. பையன்களைத் தாண்டும்போது, ஏன் என்று இன்றுவரை தெரியாது, "தம்பி, எழுந்திரிங்க, மேல வாங்க" என்றேன். மூன்று பேர் எழுந்தார்கள். மஞ்சள் சட்டைக்காரன் சிரித்தான்.

கரையில் பாதி ஏறியிருப்போம். ஜெனரேட்டரை அணைத்தார்கள். விளக்கெல்லாம் போய் எங்கும் மழைச்சத்தம் மட்டும் இருந்தது. அதற்குள் இன்னொரு சத்தம், லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி, மலைப்பக்கமிருந்து வந்தது. சில போன் வெளிச்சங்கள் அந்தப் பக்கம் திரும்பின. ஓடைத் தண்ணீர் மேடையை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கியது. அலையாக வரவில்லை. தரையே கறுப்பாக எழும்புகிற மாதிரி வந்தது. நாங்கள் நின்ற இடத்தில் நட்டிருந்த மூங்கில் தடுப்பு மெதுவாகச் சாய்ந்து மிதக்க ஆரம்பித்தது.

பள்ளத்தில் அப்போது பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள் இடுப்புத் தண்ணீரில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தார்கள். மஞ்சள் சட்டைக்காரனுக்குக் கால் சேற்றில் சிக்கிக்கொண்டது. "டேய், கால் வரல" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. செல்வி அக்காதான் கரையில் கட்டியிருந்த விளம்பரத் துணியைப் பிய்த்தார். அதை முறுக்கி அவன் நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள், கரையில் நாங்கள் பிடித்துக்கொண்டோம். இழுத்துப் போட்டபோது தண்ணீர் அவன் நெஞ்சுவரை வந்திருந்தது. கணுக்கால் பிசகியதோடு தப்பித்தான். வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அரைமணி நேரம் கழித்து அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடையில் எல்லோரும் நடுங்கிக்கொண்டு நின்றோம். குழுவின் பாடகி மேகலாவும் அங்கே வந்தார். செல்வி அக்கா நேராக அவரிடம் போனார்.

"அது எங்கம்மா கொரலு. பேரு முனியம்மா."

மேகலா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய கல்லூரித் தோழி ஒருத்தி ஆராய்ச்சிக்காக ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்ததாம், அவள் கொடுத்ததில் ஊர்ப்பெயர் மட்டும்தான் இருந்ததாம். "நாங்க தேடியிருக்கணும். தேடல. மன்னிச்சிடுங்கக்கா" என்றார். தார்ப்பாயைப் பிடித்துத் தொங்கிய இளைஞர் அப்போதுதான் பேசினார். பாட்டு முடிந்த நொடியில் எப்போதும் அவர் ஒலிப்பதிவை நிறுத்திவிடுவாராம். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கை காலியாக இல்லாததால் அது ஓடிவிட்டது.

செல்வி அக்காவுக்கு நினைவு வந்தது. அவர்கள் தெருக்குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். யாரோ ஒரு பொண்ணு வந்து அம்மாவைப் பாடச் சொன்ன அன்றைக்கு இவர் கூச்சப்பட்டுத் தெருக்கோடியில் போய் நின்றிருக்கிறார். குழாயில் தண்ணீர் வந்ததும் அம்மா கூப்பிட்டிருக்கிறார். "கொடத்த எடுத்துனு ஓடியாந்தேன். அவ்ளோதான். அத எப்பவோ மறந்துட்டேன்."

மேகலா அந்தப் பதிவு முழுவதையும் செல்வி அக்காவின் போனுக்கு அனுப்பினார். இனி எங்கே வாசித்தாலும் முனியம்மா பெயரைச் சொல்லித்தான் வாசிப்போம் என்றார். செல்வி அக்கா ஒன்று மட்டும் கேட்டார்: "பாட்ட போடுங்க, யாரு வேணா கேக்கட்டும். அந்தக் கடைசிய மட்டும் போடாதீங்க. அது என்னக் கூப்பிட்டது."

மறுநாள் காலை வெயில் வந்துவிட்டது. மலை, எதுவுமே நடக்காத மாதிரி, இருந்த இடத்தில் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் இன்னொரு ஆட்டோவில் ஏரிக்குப் போனேன். தண்ணீர் நடுவுக்கு வடிந்து ஓரங்களில் சேறு தெரிந்தது. அந்தச் சேற்றில் செருப்புகளும் ஷூக்களும், நூறு ஜோடிக்கு மேல் இருக்கும், புதைந்தபடி நின்றிருந்தன. எல்லாம் மேடையைப் பார்த்தபடி. யாரோ அவற்றில் கால் வைத்துக்கொண்டு இன்னும் கேட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. என்னுடையதும் அதில் எங்கோ இருந்திருக்கும். தேடவில்லை, திரும்பிவிட்டேன்.

இந்த மாதிரி கச்சேரிகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் இடம் ஏரிக்குள் இருக்கிறதா, பட்டா நிலமா என்று உள்ளூரில் ஒருவரையாவது கேளுங்கள், ஆட்டோ ஓட்டுநர் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். மேடைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறோம் என்பதைவிட மேட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறோம் என்பது முக்கியம். செருப்பு வேண்டாம், கயிறு கட்டிய கேன்வாஸ் ஷூ போடுங்கள். ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். டவுனுக்கு நடந்தும் ஷேர் ஆட்டோவிலுமாக வந்து சேர எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மாற்றுத்துணியை லாட்ஜில் வைக்காமல் பையிலேயே வையுங்கள்.

போன வாரம் செல்வி அக்காவுக்குப் போன் செய்தேன். கடையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது. அம்மா பாட்டைக் கேட்டீர்களா என்றேன்.

"டெய்லி கேக்கறேன்மா. காலையில கடை தொறந்ததும் ஒரு தடவ."

"கடைசி வரைக்குமா?"

மிஷினை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"இல்ல. அதுக்கு முன்னாடியே நிறுத்திடறேன். சும்மா சும்மா கேட்டுட்டு, அப்புறம் நெஜமா வேணும்ன்றப்ப கூப்பிடாமப் போய்ட்டா?"